கயிற்றைப் பிடித்திருக்கும் கைகள்

ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரில் எல்பே ஆற்றங்கரையில் கூடும் சனிக்கிழமைச் சந்தையில், விளிம்பு உடைந்த பீங்கான் தட்டுகளுக்கும் துருவேறிய பூட்டுகளுக்கும் நடுவே, ஓர் அட்டைப்பெட்டி நிறைய பழைய அச்சுத்தாள்கள் கிடந்தன. நகர வரைபடங்கள், செடிகொடிப் படங்கள், யாரோ ஒரு பிரபுவின் முகம் என்று புரட்டிக்கொண்டே வந்த என் கை ஒரு தாளில் நின்றுவிட்டது. ஏறக்குறைய ஓர் அடி உயரம். ஓரத்தில் தண்ணீர்க் கறை. பின்னாளில் எடுத்த மறுஅச்சு என்பது தாளைத் தொட்டதுமே தெரிந்தது. 12 யூரோ கேட்டார்கள். பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டேன். இந்தப் படம் தன் பாட்டி வீட்டில் படுக்கையறைச் சுவரில் மாட்டியிருந்தது என்று, சில்லறையை எண்ணியபடியே, விற்ற பெண்மணி சொன்னார். ஓர் எலும்புக்கூட்டின் படத்தைப் படுக்கையறையில் மாட்டிவைத்துக்கொண்டு ஒரு கிழவி நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார் என்பது எனக்கு அப்போது விசித்திரமாகப் பட்டது. இப்போது அப்படிப் படவில்லை.

படம் இதுதான். மாதா கோயில் கோபுரத்தின் உச்சியில் ஒரு சிறிய அறை. மணி அடிப்பதையும் கோபுரக் காவலையும் வாழ்நாள் வேலையாகக் கொண்ட ஒரு முதியவர் சாய்வு நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். கைகள் மடியில் கோத்தபடி இருக்கின்றன, இடுப்பில் சாவிக்கொத்து தொங்குகிறது, மேசைமேல் உண்டு மிஞ்சிய ரொட்டி இருக்கிறது, ஆபத்துக் காலத்தில் ஊருக்கு எச்சரிக்கை ஊதும் கொம்பு சுவரில் மாட்டியிருக்கிறது. திறந்த சாளரத்துக்கு வெளியே சூரியன் தாழ்ந்துகொண்டிருக்கிறது. சாளரத்தின் விளிம்பில் ஒரு சிறு பறவை உட்கார்ந்திருக்கிறது. முதியவர் இறந்துவிட்டார், அல்லது இந்த நொடியில் இறந்துகொண்டிருக்கிறார். அவருக்கு எதிரே, யாத்திரிகனின் முக்காட்டு அங்கி அணிந்த ஓர் எலும்புக்கூடு, தலையைத் தாழ்த்தியபடி மணிக்கயிற்றை இரு கைகளாலும் பற்றி இழுத்துக்கொண்டிருக்கிறது. 'நண்பனாக மரணம்' என்பது படத்தின் பெயர். வரைந்தவர் ஆல்ஃபிரெட் ரேதெல், அவருடைய கோட்டைப் பின்பற்றி மரத்தில் செதுக்கியவர் யூலியுஸ் யுங்டோவ், ஆண்டு 1851.

தமிழில் இந்த உருவத்தை என்னவென்று அழைப்பது என்பதில் எனக்கு நெடுநாள் தயக்கம் இருந்தது. 'எமன்' என்று எழுதினால் எருமையும் சித்திரகுப்தனின் ஏடும் உடன் வந்துவிடும். போதாததற்கு, கையில் கயிற்றைப் பார்த்ததும் நம் கண் அதைப் பாசக்கயிறு என்றே வாசிக்கும். ரேதெலின் உருவத்திடம் ஏடு இல்லை, கணக்கு இல்லை, தீர்ப்பும் இல்லை. ஜெர்மன் மொழியில் மரணம் ஆண்பாற் சொல், பிரெஞ்சில் பெண்பால். ஜெர்மன் ஓவியர்கள் அதை ஓர் ஆளாக, பெரும்பாலும் ஓர் ஆணாகவே பார்த்ததற்கு அவர்களுடைய இலக்கணமும் துணைசெய்திருக்கிறது. உடலையும் உயிரையும் கூறுசெய்பவன் என்று பொருள் சொல்லப்படும் 'கூற்றுவன்' என்ற பழஞ்சொல்லே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. அச்சொல்லுக்கு வாகனம் கிடையாது.

ரேதெல் 1816இல் ஆஹன் நகருக்கு அருகில் பிறந்தவர். பதின்மூன்று வயதிலேயே ட்யூஸெல்டோர்ஃப் கலைக்கழகத்தில் சேர்ந்தவர். ஆஹன் நகர மன்றத்தில் பேரரசர் சார்லமேனின் வரலாற்றைச் சுவரோவியங்களாகத் தீட்டும் பெரும்பணி 1840ஆம் ஆண்டுப் போட்டியில் அவருக்குக் கிடைத்தது. 1847இல்தான் சுவரில் தூரிகை வைக்க முடிந்தது. எட்டில் நான்கை முடிப்பதற்குள் மனம் குலைந்துபோனது. மீதியை யோசெஃப் கேரன் என்ற உதவியாளர் முடித்தார். 1859இல் ரேதெல் இறந்தபோது வயது 43. இந்த முடிவை அறிந்துகொண்டு அவருடைய மரணச் சித்திரங்களைப் பார்ப்பவர்கள், ஒவ்வொரு கோட்டிலும் வரப்போகும் பித்தின் அறிகுறியைத் தேடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவை தெளிந்த அறிவோடு, வேலை தெரிந்த கை செய்தவை. ஆண்டுக்கணக்கில் சுவரில் தீட்டிய வீரவரலாறு இன்று ஆஹன் செல்பவர்களுக்கு மட்டுமே உரியதாக இருக்க, குளிர்காலங்களில் ட்ரெஸ்டனில் அமர்ந்து வரைந்த சில மரச்செதுக்குத் தாள்களே அவர் பெயரை வைத்திருக்கின்றன.

அவற்றில் அவர் செய்த புதுமை என்ன என்று தெரிய வேண்டுமானால் முந்நூறு ஆண்டுகள் பின்னோக்கிப் போக வேண்டும். ஐரோப்பாவில் 'மரண நடனம்' என்பது பழைய வழக்கம்; கல்லறைத் தோட்டச் சுவர்களில் போப்பாண்டவர் முதல் பிச்சைக்காரர் வரை வரிசையாக நிற்க, ஒவ்வொருவர் கையையும் ஓர் எலும்புக்கூடு பிடித்து இழுக்கும். பாசெல் நகரில் அப்படி இருந்த புகழ்பெற்ற சுவர் 1805இல் இடிக்கப்பட்டது. அந்தச் சுவர் மரபைக் கைக்குள் அடங்கும் புத்தகமாக்கியவர் ஹான்ஸ் ஹோல்பைன். அவர் 1520களில் வரைய, ஹான்ஸ் லுட்செல்பூர்கர் செதுக்க, 1538இல் லியோன் நகரில் 41 படங்களோடு அது வெளிவந்தது. ஒவ்வொரு படமும் ஒரு தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரியது, அவ்வளவுதான். அதில் கூற்றுவன் ஒவ்வொருவரையும் அவரவர் வேலையின் நடுவில் வந்து பிடிக்கிறான். வணிகரைச் சரக்குகளின் நடுவில் பிடிக்கிறான். அடுப்பில் ஏதோ காய்ச்சிக்கொண்டிருக்கும் தாயின் அருகிலிருந்து குழந்தையைக் கைப்பிடித்து அழைத்துப் போகிறான். வேலை அப்படியே நின்றுபோகும். ஆள் மட்டும் போவார். மரண நடனத்தின் கேலியும் பாடமும் இந்த அறுபடும் கணத்தில்தான் இருந்தன.

ரேதெலின் கூற்றுவன் ஆளை இழுப்பதில்லை. ஆள் விட்டுச் சென்ற வேலையை எடுத்துக்கொள்கிறான். மணியடிப்பவர் ஓய்ந்ததும் மணியை இவன் அடிக்கிறான். நான் வாங்கிய தாளில் முதலில் புலப்படாமல், சில வாரங்கள் மேசைமேல் கிடந்த பிறகு புலப்பட்டது இதுதான். ஒருமுறை புலப்பட்டபின் ரேதெலின் மற்ற மரணச் சித்திரங்களிலும் இதையே கண்டேன்.

அதன் கொடிய வடிவம் 'கழுத்தை நெரிப்பவனாக மரணம்'. நண்பனுக்கு இணையாக, அதே 1851இல் வெளியான தாள். செதுக்கியவர் குஸ்டாவ் ரிச்சர்ட் ஸ்டைன்பிரெஹர். பாரிஸில் ஒரு முகமூடி நடனத்தில் காலரா முதன்முதலாகத் தோன்றியதைக் காட்டுவதாக அதன் துணைத்தலைப்பு சொல்கிறது. துணைத்தலைப்பில் 1831 என்றிருக்கிறது. காலரா பாரிஸை எட்டியது உண்மையில் 1832 மார்ச்சில். ஆண்டு பிசகினாலும் நிகழ்ச்சிக்கு ஒரு சாட்சி உண்டு. பாரிஸில் வாழ்ந்த கவிஞர் ஹைன்ரிஷ் ஹைனே, 1832 ஏப்ரலில் ஆக்ஸ்பூர்க் நகரின் ஒரு நாளிதழுக்கு எழுதிய கடிதத்தில் அதை விவரித்தார். நோய் வந்துவிட்டது என்று அறிவிக்கப்பட்ட மார்ச் 29ஆம் நாள் தவக்காலத்தின் நடுவே வரும் கொண்டாட்ட நாளாகவும் அமைந்துவிட்டது. வெயில் இதமாக இருந்தது. மக்கள் முகமூடி அணிந்து, நோயையே கேலிசெய்து ஆடினார்கள். அன்றிரவு நடன அரங்குகளில் வழக்கத்தை விடக் கூட்டம். திடீரென்று, இருந்தவர்களில் மிகவும் குதூகலமாக ஆடிக்கொண்டிருந்த ஒரு கோமாளி கால்கள் சில்லிடுவதை உணர்ந்து முகமூடியைக் கழற்ற, உள்ளே ஊதா நிறம் படர்ந்த முகம் தெரிந்தது. வண்டி வண்டியாக மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள் வேடத்தோடே இறந்தார்கள். தொற்று பயத்தில் வேடத்தைக்கூடக் கழற்றாமல் புதைத்தார்கள் என்ற பேச்சையும் ஹைனே பதிவுசெய்திருக்கிறார். அவ்வாண்டு பாரிஸில் மட்டும் இறந்தவர்கள் 18,000க்கு மேல். பிரான்ஸின் பிரதமர் கசிமிர் பெரியேவும் மே மாதத்தில் அதற்கே பலியானார்.

ரேதெல் இந்தச் செய்தியை எப்படிப் படமாக்கினார் என்று பார்ப்போம். முன்தரையில் வேடமணிந்த உடல்கள் விழுந்துகிடக்கின்றன. விருந்தினர் ஒரு பக்கமாக ஓடுகிறார்கள். பின்னே உயரத்தில் இருந்த இசைக்குழுவினர் வாத்தியங்களைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். வாசிக்க ஆள் இல்லை. ஆகவே கூற்றுவன் வாசிக்கிறான். பிடில்கூட இல்லை, ஓர் எலும்பைத் தோளில் சார்த்தி, இன்னோர் எலும்பை வில்லாக்கி இழுக்கிறான். ஆடும் காலை முன்வைத்து, உடலை வளைத்து, தேர்ந்த வித்வானின் ஒயிலோடு நிற்கிறான். சற்றுப் பின்னே, சவத்துணியால் போர்த்திய இன்னோர் உருவம் கையில் மூன்று வார்கள் கொண்ட சவுக்கோடு அசையாமல் அமர்ந்திருக்கிறது. அதுதான் காலரா. நோயும் மரணமும் இங்கே இரண்டு ஆட்கள். நோய் உட்கார்ந்திருக்கிறது, மரணம் உழைக்கிறது.

பிடில் வாசிக்கும் எலும்புக்கூடு ரேதெலின் கண்டுபிடிப்பு அல்ல. ஹோல்பைனின் கோமகள் படத்திலேயே கட்டிலருகில் ஒரு கூற்றுவன் பிடில் இழுத்துக்கொண்டிருப்பான். ஆனால் அங்கே அது அழைப்பு. ஒருத்தி எழுந்து வர வேண்டும், அவளுக்காக வாசிக்கிறான். இங்கே கேட்பதற்கு யாரும் மிச்சமில்லை. ஒரே இரவில் நூற்றுக்கணக்கானோர் போகும்போது ஒவ்வொருவர் கையையும் தனித்தனியாகப் பிடித்து அழைத்துச் செல்வது என்ற பழைய மரியாதை சாத்தியமில்லை. பதவிவாரியாக வரிசை கட்டிய மரண நடனம் கொள்ளைநோயின் முன் செல்லாக்காசாகிவிட்டது. அரங்கில் அந்த எலும்பு வாத்தியத்திலிருந்து என்ன ஓசை எழும் என்று நினைத்துப் பார்த்தால், ஏதும் எழாது. எலும்பில் எலும்பு உராயும் சத்தம் மட்டுமே இருக்கும்.

இவ்விரு தாள்களுக்கும் முன்பு, 1849இல், அவர் பெயரை ஊரறியச் செய்தது ஆறு படங்கள் கொண்ட ஒரு தொடர். '1848ஆம் ஆண்டிலிருந்து இன்னுமொரு மரண நடனம்' என்பது அதன் பெயர். ராபர்ட் ரைனிக் செய்யுள் எழுதினார், ட்ரெஸ்டனில் ஹூகோ ப்யூர்க்னரின் செதுக்குப் பட்டறையில் மரம் செதுக்கப்பட்டது, லைப்சிக்கில் கேயார்க் விகாண்ட் வெளியிட்டார். ஐரோப்பா முழுதும் எழுந்த 1848ஆம் ஆண்டுப் புரட்சிகள்தாம் பொருள். அதே 1849இன் மே மாதத்தில் ட்ரெஸ்டனிலேயே தடுப்பரண்கள் எழுந்து, 3ஆம் தேதியிலிருந்து 9ஆம் தேதி வரை சண்டை நடந்து, அரசப் படைகளால் அடக்கப்பட்டது. இசையமைப்பாளர் வாக்னரும் கட்டடக்கலைஞர் செம்பரும் கிளர்ச்சியாளர் பக்கம் நின்றவர்கள். இருவருமே பிறகு ஊரைவிட்டுத் தப்ப வேண்டியதாயிற்று.

தொடரில் கூற்றுவன் ஓர் அரசியல் பேச்சாளனாக வருகிறான். மண்ணிலிருந்து எழுகிறான், தீக்குணங்கள் பெண்ணுருவில் வந்து, கட்டிப்போடப்பட்ட நீதிதேவதையிடமிருந்து பறித்த வாளையும் தராசையும் அவனுக்குத் தருகின்றன. இறகு செருகிய தொப்பியும் வாயில் சுருட்டுமாகக் குதிரையேறி நகரத்துக்குப் போகிறான். மூன்றாம் படம்தான் தொடரின் உயிர். ஒரு மதுக்கடை வாசலில், சுவரில் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற சுவரொட்டி தெரிய, கூற்றுவன் கூட்டத்தின் முன் தராசைத் தூக்கிக் காட்டுகிறான். ஒரு தட்டில் அரசனின் முடி, மறுதட்டில் ஒரு புகைக்குழாய். இரண்டும் ஒரே எடை என்கிறான். தராசை மேலே பிடிக்க வேண்டிய வளையத்தில் அவன் பிடிக்கவில்லை. முள்ளையே விரல்களால் பற்றியிருக்கிறான். சந்தையில் தராசு பார்த்துப் பழகிய எவரும் பிடித்துவிடக்கூடிய மோசடி இது. ஆனாலும் அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் கண்ணில் படவில்லை. ஒரு கிழவி மட்டும் திரும்பி நடக்கிறாள். அவளுக்குப் பார்வை கிடையாது. பிறகு 'மக்கள் நீதி' என்று பொறித்த வாளைக் கூட்டத்திடம் நீட்டுகிறான். தடுப்பரணில் ஏறி நின்று, குண்டுகள் பாயும்போது மேலங்கியைத் திறந்து வெறும் விலாவைக் காட்டுகிறான். கடைசியில் வாகை சூடி, பிணங்களுக்கு நடுவே குதிரையில் வருகிறான். செத்துக்கொண்டிருக்கும் ஒருவன் தலை தூக்கி அப்போதுதான் அந்த முகத்தைப் பார்க்கிறான்.

இந்தத் தொடரின் அரசியலோடு எனக்கு ஒத்துப்போக முடியவில்லை. தடுப்பரணில் நின்றவர்கள் எல்லோரும் ஒரு மோசடிக்காரனிடம் ஏமாந்தவர்கள் என்பது, அவர்களைச் சுட்டவர்களுக்கு மிகவும் வசதியான கதை. புரட்சிக்கு எதிரானவர்கள் மலிவுப் பதிப்புகளை எடுத்துப் பரப்பியதில் வியப்பில்லை. ரைனிக்கின் செய்யுளும் பாடப்புத்தகத்தனமானது. படம் சொல்லாமல் வைத்ததை எல்லாம் அது சொல்லிவிடுகிறது. ஆனால் முள்ளைப் பற்றிய அந்த விரல்களை வரைந்தவரைக் குறைத்துச் சொல்ல முடியாது. இங்கும் அதே கதைதான்: பேச ஓர் ஆள் தேவைப்பட்ட இடத்தில் கூற்றுவன் பேச்சாளனாகிறான், தலைமை தாங்க ஆள் தேவைப்பட்ட இடத்தில் தலைவனாகிறான். 1848இன் கூட்டம் ஒரு வகையில் 1832இன் நடன அரங்கு. இரண்டிலும் தனி முகங்கள் கரைந்துபோய், ஒரு திரள் மட்டும் இருக்கிறது. திரளுக்கு வேண்டிய பணியைச் செய்ய மரணம் தயாராக இருக்கிறது.

இனி அந்த முகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மண்டையோட்டை வரைபவருக்கு ஒரு பெரிய இடர்ப்பாடு உண்டு: அதற்கு உணர்ச்சி கிடையாது. உதடு இல்லை, இமை இல்லை, புருவம் இல்லை. எல்லா மண்டையோடுகளும் எப்போதும் பல்லிளித்துக்கொண்டே இருக்கும். நெரிப்பவனின் தலையும் நண்பனின் தலையும் அடிப்படையில் ஒன்றே. வேறுபாடு முழுவதும் கழுத்திலும் முதுகிலும் கையிலும் இருக்கிறது. நெரிப்பவன் தலையை நிமிர்த்தி வைத்திருக்கிறான். இளிப்பு நமக்கு நேரே தெரிகிறது. நண்பன் தலையைத் தாழ்த்தியிருக்கிறான், முக்காட்டு நிழல் பாதி விழுகிறது. அதே இளிப்பு இப்போது துயரம் போலத் தோன்றுகிறது. ஓர் அங்குலம் கழுத்தைச் சாய்ப்பதால் கொலைகாரன் துக்கம் விசாரிக்க வந்தவனாகிவிடுகிறான். அதனால்தான் அவனுக்கு ஒரு வேலை கொடுப்பது ரேதெலுக்கு அவ்வளவு அவசியமாக இருந்தது என்று நினைக்கிறேன். முகத்தால் நடிக்க முடியாத நடிகனுக்குக் கையில் ஏதாவது ஒரு பொருள் வேண்டும்.

செதுக்கு வேலையை நானும் ஒரு காலத்தில் சிறிது கற்றுக்கொண்டேன், தேறவில்லை. ஆனால் இந்தத் தாளைப் பார்க்கும் கண் அந்தத் தோல்வியால் கிடைத்தது. ரேதெலின் படங்களில் ஓவியர் மையால் வரைந்த கறுப்புக் கோடு அப்படியே நிற்க வேண்டும். செதுக்குபவர் கோட்டை வெட்டுவதில்லை, கோட்டின் இரு மருங்கிலும் உள்ள மரத்தை வெட்டியெடுக்கிறார். குறுக்குநெடுக்காகக் கோடுகள் பின்னிய நிழலில், நான்கு கோடுகளுக்கு நடுவே அகப்படும் கடுகளவு வெள்ளைக் கட்டம் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கூர் உளியால் கெல்லியெடுக்க வேண்டும். ஒரு சதுர அங்குலத்துக்கு எனக்கு ஒரு மாலைப்பொழுது முழுதும் போயிற்று; அதிலும் இரண்டு கோடுகள் உடைந்தன. இதற்குரிய பாக்ஸ்வுட் மரம் இழைவாட்டில் பலகையாக அறுக்கப்படுவதில்லை. அடிமரத்தைக் குறுக்கே துண்டுபோட்டு, அந்த வெட்டுமுகத்தில்தான் செதுக்குவார்கள். எந்தத் திசையில் உளி போனாலும் மரம் பிளக்காது. ஆனால் அம்மரம் பருக்காது என்பதால் பெரிய படத்துக்குச் சிறு துண்டுகளை ஒட்டித்தான் கட்டை செய்ய முடியும். வழவழப்பான ஒரு மஞ்சள் மரத்துண்டில் இவ்வளவு பொறுமையைக் கொட்டியவர்களின் பெயர் படத்தின் பெயரோடு நினைவுகூரப்படுவதில்லை என்பதால்தான் யுங்டோவையும் ஸ்டைன்பிரெஹரையும் மேலே குறிப்பிட்டேன்.

உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து நண்பனின் கைகளைப் பார்த்தேன். அங்கியில் நெருக்கமாக மடிப்புக்கோடுகள். கயிற்றில் முறுக்கைக் காட்டும் சாய்ந்த சிறு கீற்றுகள். ஆனால் விரலெலும்புகளில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. விளிம்புக்கு ஒரு கோடு, கணுவுக்கு ஒரு புள்ளி, மற்றதெல்லாம் வெறும் தாள். அதாவது, கட்டையில் எங்கே மரம் முழுதாக அகற்றப்பட்டதோ அங்கேதான் கூற்றுவன் இருக்கிறான். முதியவரின் முகத்திலும் வெள்ளை இருக்கிறது, ஆனால் அது சாளர வெளிச்சம்; சுருக்கங்கள் அதைச் சுற்றிக் காவல் காக்கின்றன.

ஹோல்பைனிடம் இதற்கு ஒரு முன்னோடி உண்டு என்பதை இவ்வளவு நேரம் சொல்லாமல் வைத்திருந்தேன், ஏனென்றால் அது என் வாதத்தைக் கொஞ்சம் அசைக்கும். அவருடைய உழவன் படத்தில் கூற்றுவன் உழவனைப் பிடித்து இழுப்பதில்லை. ஏர்க்குதிரைகளின் பக்கத்தில் ஓடி அவற்றை ஓட்டிக் கொடுக்கிறான். கிழ உழவன் கலப்பையைப் பிடித்தபடி பின்னால் வருகிறான். தொலைவில் மாதா கோயில். அதன் பின்னே சூரியன் இறங்குகிறது. 41 படங்களில், உழைத்துக் களைத்த ஒருவனுக்கு மட்டும் மரணம் ஒரு கை உதவி செய்கிறது. ரேதெல் இந்தப் படத்தை நெடுநேரம் பார்த்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். அந்தக் கோயிலையும் சூரியனையும் அருகே கொண்டுவந்து, கோபுரத்தின் உச்சிக்கு ஏறி, உழவனின் இடத்தில் மணிக்காரரை உட்காரவைத்து, உதவியை ஒரு படி மேலே கொண்டுபோய் வேலை முழுவதையும் வாங்கிக்கொள்ளச் செய்துவிட்டார்.

அந்தத் தாள் இப்போது என் மேசைக்கு மேலே இருக்கிறது. கண்ணாடிச் சட்டம் போட்டாயிற்று, தண்ணீர்க் கறையை வெட்டாமல் விட்டேன். மாலையில் அதைப் பார்க்கும்போதெல்லாம் என் யோசனை அறைக்குள் இருப்பவர்களை விட்டு, சாளரத்துக்கு வெளியே, படத்தில் காட்டப்படாத ஊருக்குப் போகிறது. அங்கே யாரோ கதவைச் சாத்திக்கொண்டிருப்பார்கள், யாரோ வயலிலிருந்து திரும்பிக்கொண்டிருப்பார்கள். வழக்கமான நேரத்துக்கு மணி அடிக்கும். கிழவர் இன்றும் நேரம் தவறவில்லை என்று எண்ணிக்கொண்டு அவர்கள் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள்.